காடையர் என்றொரு சொல்: 1984–85 ஆங்கில உதைபந்தாட்டப் பருவம் பற்றி ஒரு மறுநோக்கு

ஆங்கில உதைபந்தாட்டத்தின் அண்மைக்கால வரலாறு நம்மிடையே ஒரு குறிப்பிட்ட வடிவிலேயே வழங்கி வருகின்றது. 1980களில் அவ்விளையாட்டு காடையர் கையிற் சிக்கிச் சீரழிந்தது. 1985ஆம் ஆண்டில் அச்சீரழிவு உச்சத்தை எட்டியது. பின்னர் 1992இல் பிரீமியர் லீக் தோன்றவே, பணமும் தொலைக்காட்சியும் அதனை மீட்டெடுத்தன என்பதே அவ்வடிவமாகும். வார இறுதி இரவுகளில் விடுதித் தொலைக்காட்சியின் முன் கூடும் மாணவர் முதல் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை நிரப்புவோர் வரை பலரும் இதனை ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே கொண்டுள்ளனர். காட்டுமிராண்டிகள் நாகரிகப்படுத்தப்பட்ட கதை இது. இத்தகைய கதைகளைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் நெடுங்காலம் கேட்டுப் பழகிய நாம், இதனையாவது சற்று ஐயத்தோடு அணுகியிருத்தல் வேண்டும்.

தமிழ்ச் சங்க மலரிலே ஆங்கிலேயரின் பந்தாட்டத்துக்கு என்ன இடம் என வினவுவோரும் உளர். ஒரு சமுதாயம் தன் உழைப்பாளரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிவதற்கு அதன் பாராளுமன்ற உரைகளைப் படித்தல் மட்டும் போதாது. ஓய்வு நாளில் அவர்கள் எத்தகைய இடத்தில் நிறுத்தப்படுகின்றனர், அங்கே அவர்கள் மாண்டால் அம்மரணத்துக்கு என்ன பெயர் சூட்டப்படுகின்றது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். இவ்வகையில் 1984–85ஆம் ஆண்டுப் பருவம் போன்று தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

அப்பருவத்தில் நிகழ்ந்த அவலங்கள் ஒரே நோயின் பல அறிகுறிகள் என்று அன்றைய அரசும் பத்திரிகைகளும் கூறின. அது பொய். கலகத்துக்கு ஒரு காரணம் இருந்தது; தீக்கு வேறொரு காரணம் இருந்தது. அவை யாவும் 'காடைத்தனம்' என்ற ஒரே சொல்லால் கட்டப்பட்டன. அச்சொல்லின் பாரம் இந்நாட்டு வாசகர் அறியாததன்று. அந்தக் கட்டே நான்கு ஆண்டுகளின் பின்னர் 97 பேரின் உயிரைக் குடித்தது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

காலப் பின்னணி

1984 மார்ச் மாதத்தில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஓராண்டு காலம் நீடித்து, 1985 மார்ச் 3ஆந் திகதி அது தோல்வியில் முடிந்தது. அக்காலத்தில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சுரங்கங்களும் உருக்காலைகளும் நெசவாலைகளும் மூடப்பட்ட வடஇங்கிலாந்து நகரங்களே உதைபந்தாட்டத்தின் தாயகங்களாகவும் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலைநிறுத்தத்தின் தலைமையைப் பிரதமர் மார்கரட் தட்சர் 'உள்ளிருக்கும் பகைவர்' என வருணித்தார். 1984 ஜூன் 18இல் தென் யோக்சயரில் உள்ள ஓர்கிறீவ் என்னுமிடத்தில் தொழிலாளர் மீது பொலிசார் குதிரைகளோடும் தடிகளோடும் பாய்ந்தனர். பின்னர் 95 தொழிலாளர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. பொலிசாரின் சாட்சியம் நம்பத்தகாததெனத் தெரியவர அவ்வழக்குகள் 1985இல் சரிந்தன. தென் யோக்சயர்ப் பொலிசார் என்ற பெயரை வாசகர் நினைவிற் கொள்வாராக. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அவர்களை மீண்டும் சந்திப்போம்.

விளையாட்டும் நலிவுற்றிருந்தது. 1948–49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் தொகை 4 கோடி 10 இலட்சத்துக்கு மேற்பட்டது. 1984–85இல் அது 1 கோடி 80 இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. ஆட்டம் காண வந்தோர் நின்ற இடங்கள் அவர்களது பாட்டன்மார் நின்ற அதே படிக்கட்டுகளே. 1971இல் கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் அரங்கில் 66 பேர் நெரிசலில் மாண்டனர். அதன் விளைவாக 1975இல் விளையாட்டரங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயின் அச்சட்டத்தின் கண்காணிப்பு முதலிரு பிரிவுகளிலும் ஆடிய பெரிய கழகங்களின் அரங்குகளோடு நின்றுவிட்டது. மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்களின் பார்வையாளருக்கு அப்பாதுகாப்பு உரித்தாகவில்லை. செலவு மிகும் என்பதே காரணம். உயிரின் விலை கழகத்தின் தரவரிசைக்கேற்ப நிர்ணயிக்கப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது.

கலகங்கள்

உண்மையை மறைத்து எவரையும் காக்கும் நோக்கம் நமக்கில்லை. கலகங்கள் நடந்தன, அவை கொடியன. 1985 மார்ச் 4இல் செல்சி, சண்டர்லாந்து கழகங்களுக்கிடையிலான லீக் கிண்ண அரையிறுதியில் பார்வையாளர் ஆடுகளத்தினுள் புகுந்து கலகம் விளைவித்தனர். மார்ச் 13இல் லூட்டன் நகரில் நடைபெற்ற எஃப்.ஏ. கிண்ணக் கால் இறுதியின் போது மில்வோல் கழகத்தின் பெயரால் வந்த கூட்டம் ஆசனங்களைப் பிடுங்கிப் பொலிசார் மீது எறிந்தது. பொலிசார் பலர் காயமுற்றனர். அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட நாடே அதிர்ந்தது. தீவிர வலதுசாரி நஷனல் ஃபிரன்ற் இயக்கம் பல அரங்குகளின் படிக்கட்டுகளில் ஆள் சேர்த்தது. கறுப்பின வீரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்குக் கூச்சல் எழுப்பப்பட்டது. இவற்றை வறுமையின் பெயரால் மன்னிப்பது வறியோரை அவமதிப்பதாகும். வறியோரிற் பெரும்பாலோர் இவற்றைச் செய்யவில்லை.

ஆனால் இதற்கு அதிகாரமும் செல்வமும் கண்ட மருந்து யாது? செல்சிக் கழகத்தின் தலைவர் கென் பேற்ஸ் தம் அரங்கின் கள ஓரத்தில் மின்வேலி ஒன்றை அமைத்தார். அவருக்குப் பாற்பண்ணை ஒன்று இருந்தது. மாடுகளை அடக்கும் அதே முறை மனிதருக்கும் பொருந்தும் என அவர் கருதினார். இலண்டன் மாநகர மன்றம் அனுமதி மறுத்தமையால் அவ்வேலியில் மின் பாயவில்லை. இதனைத் தனியொருவரின் கோணங்கித்தனமாகக் கருதி நகைத்துவிடுதல் தவறு. மின்சாரம் பாயாத உருக்கு வேலிகள் நாட்டின் பல அரங்குகளில் ஏற்கெனவே நின்றன. அவற்றை எவரும் கோணங்கித்தனம் எனக் கூறவில்லை. பணங் கொடுத்து வந்தவனைக் கூண்டில் நிறுத்துவது அன்றைய ஆங்கிலேயரின் நிருவாகப் பொதுப்புத்தியாக இருந்தது.

நான்கு நிமிடங்கள்

1985 மே 11ஆந் திகதி பிரட்போர்ட் நகரின் வலி பரேட் அரங்கில் ஒரு கொண்டாட்டம் நிகழ்ந்தது. பிரட்போர்ட் சிற்றி கழகம் மூன்றாம் பிரிவின் வெற்றிக் கிண்ணத்தை அன்று பெற்றது. லிங்கன் சிற்றி கழகத்துடனான ஆட்டத்தின் முற்பாதி முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுப்பப்பட்ட பிரதான மர அரங்கின் அடியில் தீப்பற்றியது. பலகை இடுக்கினூடாக வீழ்ந்த தீக்குச்சியோ சிகரெட் துண்டோ அடியிற் குவிந்துகிடந்த குப்பையைப் பற்ற வைத்தது. அக்குப்பை எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று பின்னர் கிடைத்தது: 1968ஆம் ஆண்டின் பத்திரிகைத் தாள் ஒன்று அதனுள் இருந்தது. பதினேழு ஆண்டுகளாக எவரும் அந்த இடத்தைக் கூட்டவில்லை. ஏறத்தாழ நான்கே நிமிடங்களில் அரங்கு முழுவதும் தீயானது. 56 பேர் மாண்டனர். 250க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருள் சிறுவரும் முதியவரும் பலர்.

அன்று அவ்வரங்கில் கலகம் ஏதும் இல்லை, குடிவெறியர் இல்லை. மாவட்ட ஆட்சி மன்றம் முன்னைய ஆண்டிலேயே கழகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. கவனமின்றி எறியப்படும் ஒரு சிகரெட் தீயை மூட்டக்கூடும் என்று அக்கடிதம் எச்சரித்தது. எச்சரிக்கை கோப்பினுள் உறங்கியது. கழகம் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்துவிட்டமையால் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த பருவத்தில் தன்னைத் தீண்டும் என்பதற்காகவே திருத்தவேலைகள் திட்டமிடப்பட்டிருந்தன. மூன்றாம் பிரிவின் கடைசி ஆட்டம் வரை அந்த மரக்கூரை போதுமானதெனக் கருதப்பட்டது.

இன்னும் இரு செய்திகள் கருத்தூன்றி நோக்கத்தக்கவை. தீயணைப்புக் கருவிகள் அரங்கின் நடைபாதையில் இருக்கவில்லை. விஷமிகள் சேதப்படுத்துவர் என்ற அச்சத்தால் அவை அங்கிருந்து அகற்றப்பட்டிருந்தன. அரங்கின் பின்புறத்து வாயில்களிற் பல பூட்டப்பட்டிருந்தன. கட்டணம் செலுத்தாது எவரும் நுழைந்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். பின்புறம் ஓடியோர் பூட்டிய கதவுகளின் முன் கரிந்து வீழ்ந்தனர். முன்புறம் ஓடியோர் தாழ்வான சுவரைத் தாண்டி ஆடுகளத்தை அடைந்து பிழைத்தனர். ஏனெனில் அவ்வரங்கின் முன் கம்பிவேலி இருக்கவில்லை. பார்வையாளரைக் களவாளியாகவும் விஷமியாகவும் கருதி எடுக்கப்பட்ட முன்னேற்பாடுகள் கொன்றன. அவர்களை வேலியிட்டு அடைக்க மறந்த ஓர் இடம் உயிர் காத்தது. இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த ஆசிரியனால் கற்பிக்க முடியும்?

கற்கப்பட்ட பாடமோ வேறு. அதே நாளில் பேர்மிங்காம் நகரில், லீட்ஸ் கழகத்துடனான ஆட்டத்தில் பெருங் கலகம் மூண்டது. சுவரொன்று இடிந்து 15 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அரசு நீதிபதி பொப்பிள்வெல் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பிரட்போர்ட் தீயையும் பேர்மிங்காம் கலகத்தையும் ஒருங்கே ஆராயுமாறு அது பணிக்கப்பட்டது. கூட்டத்தின் பாதுகாப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தல் என்ற இரண்டும் ஒரே ஆணையில் இணைக்கப்பட்டன. தற்செயலாக ஒரே நாளில் நிகழ்ந்தன என்பது தவிர இவ்விரண்டுக்கும் இடையே என்ன உறவு? சுத்தம் செய்யாத அரங்கின் உரிமையாளரும் ஆசனம் எறிந்த காடையனும் ஒரே கோப்பினுள் வைக்கப்பட்டபோது, உரிமையாளரின் முகம் மறைந்தது. காடையனின் முகமே எஞ்சியது.

பத்திரிகைகளின் பங்கும் சிறிதன்று. இலண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை அதே மாதத்தில் எழுதிய தலையங்கத்தில், உதைபந்தாட்டம் சேரி அரங்குகளில் ஆடப்பட்டுச் சேரி மாந்தரால் பார்க்கப்படும் சேரி விளையாட்டு என்ற பொருள்படக் குறிப்பிட்டது. 56 பேரின் சாம்பல் ஆறுமுன்னர் எழுதப்பட்ட வரிகள் இவை. ஒரு மனிதனை அழுக்கிலே நிறுத்தி வைத்து, பின்னர் அவ்வழுக்கையே அவனது பிறவிக் குணமெனச் சுட்டுவது எத்தகைய தர்க்கம் என்பதைத் தமிழ்ச் சமூகத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'சேரி' என்ற சொல் நம் மொழியிலும் அந்த வேலையையே செய்து வந்திருக்கின்றது.

பிரட்போர்ட் மரணங்களுக்காக எவரும் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. பாதிக்கப்பட்டோர் தொடுத்த குடியியல் வழக்கில் 1987இல் தீர்ப்பு வந்தது: பொறுப்பில் மூன்றில் இரு பங்கு கழகத்தினது, ஒரு பங்கு மாவட்ட ஆட்சி மன்றத்தினது. பார்வையாளர் மீது எப்பங்கும் சுமத்தப்படவில்லை. இத்தீர்ப்பை இன்று எத்தனை பேர் அறிவர்?

பிரசல்ஸ்

1985 மே 29இல் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல், யுவென்ரஸ் கழகங்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்காகக் கூடின. ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ஆதரவாளரில் ஒரு கூட்டம் இடைவேலியைத் தகர்த்து, இத்தாலியர் பெருமளவில் நின்ற பகுதியின் மீது பாய்ந்தது. அஞ்சி ஒதுங்கிய மக்கள் சுவரோடு நசுங்கினர், சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் இத்தாலியர். கிண்ணத்துக்கான ஆட்டமோ அன்றிரவே ஆடப்பட்டு, யுவென்ரஸ் ஒரு கோலினால் வென்றது.

இக்குற்றத்தை எவ்வகையிலும் குறைத்துரைத்தல் கூடாது. அன்று பாய்ந்தவர்கள் பாயாதிருந்திருப்பின் அந்த 39 பேரும் வீடு திரும்பியிருப்பர். லிவர்பூல் ஆதரவாளர் பலர் பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். 14 பேர் 1989இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அது நீதியே. அரங்கு சிதைந்திருந்தது என்பதும், நடுநிலையாளருக்கெனச் சொல்லப்பட்ட பகுதிக்கான நுழைவுச்சீட்டுகள் இத்தாலியரிடம் சென்று சேர்ந்தன என்பதும், இரு கூட்டத்துக்குமிடையே நின்ற பொலிசார் மிகச் சிலரே என்பதும் உண்மைதான். அவை ஏற்பாட்டாளரின் குற்றத்தைக் கூட்டுமேயன்றிப் பாய்ந்தவரின் குற்றத்தைக் கழிக்கமாட்டா.

ஆனால் ஹெய்சலின் பின்னர் நிகழ்ந்தது தனிக் குற்றவாளிகளின் தண்டனையோடு நிற்கவில்லை. ஆங்கிலக் கழகங்கள் அனைத்தும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1990 வரை அத்தடை நீடித்தது. லிவர்பூலுக்கு மேலும் ஓராண்டு. அப்பருவத்தில் 90 புள்ளிகள் பெற்று முதற் பிரிவில் வாகை சூடிய எவர்ட்டன் கழகம், மே 15இல் ரொட்டர்டாம் நகரில் ரப்பிட் வியன்னாவை வென்று ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தையும் பெற்றிருந்தது. அங்கே கலகம் எதுவும் நிகழவில்லை. அக்கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தது. லீக் கிண்ணத்தை வென்ற நொறிச் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பாவில் ஆடவிருந்தது, அதுவும் வீட்டிலிருந்தது. ஒரு கூட்டத்தாரின் குற்றம் நாட்டின் பார்வையாளர் அனைவரது இயல்பாக மாற்றப்பட்டது. பிரட்போர்டில் தம் சுற்றத்தாரைப் பறிகொடுத்தோரும், பதினெட்டு நாட்களின் பின்னர், கொலைகாரர் குலத்தைச் சேர்ந்தவராயினர்.

இலாபக் கணக்கு

கழகங்களின் உரிமையாளர் இக்காலத்தில் எதனைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தனர்? 1983 முதல் வாயிற் கட்டணம் முழுவதையும் உள்ளூர்க் கழகமே வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. வருகைதரும் கழகத்துக்குப் பங்களிக்கும் பழைய முறை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் டொட்டன்ஹாம் கழகம் இலண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தது. தொலைக்காட்சி நிறுவனங்களோடு பேரம் முறிந்தமையால் 1985இன் இறுதி மாதங்களில் லீக் ஆட்டங்கள் திரையிலேயே தோன்றவில்லை. ஆர்சனல், எவர்ட்டன், லிவர்பூல், மன்செஸ்டர் யுனைற்றெட், டொட்டன்ஹாம் ஆகிய ஐந்து பெருங் கழகங்களும் பிரிந்து செல்வதாக அச்சுறுத்தின. 1985 டிசெம்பரில் எட்டப்பட்ட இணக்கத்தின்படி, அதுகாறும் 92 கழகங்களிடையே பகிரப்பட்ட தொலைக்காட்சிப் பணத்தில் சரிபாதி முதற் பிரிவுக்கே உரியதாயிற்று.

திகதிகளை எண்ணிப் பார்ப்போம். 56 பேர் எரிந்து ஏழு மாதங்களின் பின்னர், செல்வம் மிகுந்தோருக்கு மேலும் செல்வம் சேர வழிசெய்யப்பட்டது. மர அரங்கில் தீக்கிரையானோர் மூன்றாம் பிரிவின் பார்வையாளர். மூன்றாம், நான்காம் பிரிவுகளின் பங்கோ சுருங்கியது. பாதுகாப்பற்ற அரங்குகள் எவர் வசமிருந்தனவோ அவர்களிடமிருந்தே பணம் எடுக்கப்பட்டது.

விளைவு

அரசு தன் வழியிலே சென்றது. மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1985இல் வந்தது. லூட்டன் கழகம் 1986 முதல் நான்கு பருவங்கள் வெளியூர்ப் பார்வையாளரை முற்றாகத் தடைசெய்து, அரசின் பாராட்டைப் பெற்றது. பார்வையாளர் யாவரும் அடையாள அட்டை வைத்திருத்தல் வேண்டும் என்ற திட்டம் தயாரானது. வேலிகளில் போதிய வெளியேறும் வாயில்கள் அமைதல் வேண்டும் எனப் பொப்பிள்வெல் பரிந்துரைத்திருந்தார். அந்தப் பரிந்துரைக்கு நேர்ந்த கதியை ஷெஃபீல்ட் நகரம் காட்டியது.

1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல், நொட்டிங்காம் ஃபொரஸ்ட் கழகங்களின் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி நடைபெற்றது. அவ்வரங்கின் பாதுகாப்புச் சான்றிதழ் 1979இன் பின்னர் உரியவாறு புதுப்பிக்கப்பட்டிருக்கவில்லை. 1981இல் அதே படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமுற்றிருந்தனர். அப்போது களத்தினுள் தப்பிச்செல்ல முடிந்தமையால் உயிர்கள் பிழைத்தன. அதன் பின்னரே அப்படிக்கட்டு இரும்பு வேலிகளால் சிறு சிறு கூண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 1989இல் பொலிஸ் அதிகாரியின் கட்டளைப்படி வெளிவாயில் திறக்கப்பட்டபோது, உள்ளே வந்தோரை வேறு பகுதிகளுக்குத் திருப்ப எவரும் இருக்கவில்லை. ஏற்கெனவே நிரம்பிய நடுக் கூண்டுகளினுள் மக்கள் நசுங்கினர். மூச்சுத் திணறி வேலியிலேறியோரைக் கண்ட பொலிசார், களத்தைக் கைப்பற்ற வரும் காடையர் எனக் கருதி அவர்களைத் திருப்பித் தள்ளினர். வேலியின் மறுபக்கத்தில் மரணம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பார்த்த கண்களுக்குக் கலகமே தெரிந்தது. நான்கு ஆண்டுகளாகப் பழக்கப்பட்ட கண்கள் அவை.

அங்கே கடமையில் இருந்தோர், நாம் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய தென் யோக்சயர்ப் பொலிசாரே. தவறு பார்வையாளருடையதே என்ற கதை அன்று மாலையே பரப்பப்பட்டது. சிறுவர் உட்பட இறந்தோரின் இரத்தத்தில் மது உண்டா எனச் சோதிக்கப்பட்டது. நான்காம் நாள் சன் பத்திரிகை, லிவர்பூல் ஆதரவாளர் இறந்தோரிடம் திருடினர் என்னும் பொய்யை 'உண்மை' என்ற தலைப்பின் கீழ் முதற் பக்கத்தில் வெளியிட்டது. பொலிசாரின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டன என்பதும், அவற்றுள் 116இல் பொலிசாருக்குப் பாதகமான கூற்றுகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என்பதும் 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை வழியே வெளிவந்தன. 2016 ஏப்ரலில், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் பார்வையாளர் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் மரண விசாரணையின் யூரிகள் முடிவு கூறினர். அன்று காயமுற்று 2021இல் இறந்த ஒருவரையும் சேர்க்க, மாண்டோர் தொகை 97 ஆகும். பொறுப்பதிகாரியாயிருந்தவர் 2019இல் விடுவிக்கப்பட்டார். தண்டிக்கப்பட்டவர் ஒருவரே: அரங்குக்குரிய கழகத்தின் முன்னாட் செயலாளர், சுழல்வாயில் ஏற்பாடு தொடர்பான பாதுகாப்புச் சட்ட மீறலுக்காக 6,500 பவுண் தண்டம் செலுத்தினார்.

இருபத்தேழு ஆண்டுகள் அக்குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது ஏன்? பொய்யைப் படைத்தோர் திறமைசாலிகள் என்பதாலன்று. அப்பொய்யை நம்புவதற்கு நாடு 1985இலேயே ஆயத்தப்படுத்தப்பட்டிருந்தது. ஹெய்சலில் பாய்ந்தவர் யாவர்? லிவர்பூல் ஆதரவாளர். ஹில்ஸ்பரோவில் இறந்தவர் யாவர்? லிவர்பூல் ஆதரவாளர். இவ்விரண்டுக்கும் இடையே மேலதிகச் சான்று எதுவும் வேண்டப்படவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது.

மறுப்புகளுக்கு மறுமொழி

காடையர் உண்மையிலேயே இருந்தனர். வேலிகள் இன்றி அவர்களை எவ்வாறு அடக்குவது என ஒரு சாரார் வினவுவர். இதற்கான விடையை வரலாறே தந்துள்ளது. ஹில்ஸ்பரோவின் பின்னர் கள ஓர வேலிகள் அகற்றப்பட்டன. ஆங்கில அரங்குகள் கலகக் காடுகளாகிவிடவில்லை. அடையாள அட்டைத் திட்டமும் பயனற்றது என்பது வெளிப்பட்டது. ஹில்ஸ்பரோ நிகழ்ந்த பின்னரும் அரசு அதனைக் கைவிடாது 1989ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் அதனை ஏற்க மறுத்த பின்னரே அத்திட்டம் கிடப்பிலிடப்பட்டது. குற்றம் செய்தவனைப் பிடித்தல் ஒன்று. குற்றம் செய்யக்கூடியவன் எனக் கருதி ஒரு வர்க்கத்தையே அடைத்து வைத்தல் மற்றொன்று. முன்னது நீதி, பின்னது ஆதிக்கம்.

எவ்வாறாயினும் பணமே ஈற்றில் விளையாட்டைக் காத்தது என்பர் மற்றொரு சாரார். அரங்குகளைப் பாதுகாப்பானவையாக மாற்றியது டெய்லரின் அறிக்கையும் அதனை நிறைவேற்றச் செலவிடப்பட்ட பொதுப் பணமும் ஆகும். 1992இல் பெருங் கழகங்கள் பிரிந்து சென்று, ஐந்து ஆண்டுகளுக்கு 304 மில்லியன் பவுண் எனப் பேசப்பட்ட ஒப்பந்தத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டமை அதன் பின்னர் நிகழ்ந்ததாகும். டெய்லர் இன்னொன்றும் கூறியிருந்தார்: ஆசனங்கள் அமைப்பதைக் காரணமாக்கிக் கட்டணத்தை உழைப்பாளரின் கைக்கெட்டாது உயர்த்துதல் ஆகாது. ஆசனத்துக்கு 6 பவுண் வாங்கும் ஐப்ரொக்ஸ் அரங்கை அவர் எடுத்துக்காட்டினார். ஆசனம் பற்றிய பரிந்துரையைக் கழகங்கள் ஏற்றன; கட்டணம் பற்றிய கூற்றைக் கைவிட்டன. முன்னர் வேலியால் அடைக்கப்பட்டவர் இப்போது விலையால் விலக்கப்பட்டனர். இதனை மீட்பு எனக் கொண்டாடுவோர், மீட்கப்பட்டது எது, யாரிடமிருந்து மீட்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

1985ஆம் ஆண்டில் 56 பேரை உரிமையாளரின் அசட்டை கொன்றது. 39 பேரைக் காடையரின் வெறியும் ஏற்பாட்டாளரின் அலட்சியமும் சேர்ந்து கொன்றன. இவ்விரு கணக்கையும் தனித்தனியே எழுதியிருந்தால், 1989ஆம் ஆண்டில் வேலியிலேறியவனை மூச்சுக்குத் தவிக்கும் மனிதனாக ஒரு பொலிசாராவது கண்டிருப்பார். கணக்குகள் கலக்கப்பட்டன, கலந்தவர்கள் அதனால் இலாபம் பெற்றனர்.

எனவே ஆங்கில உதைபந்தாட்டத்தை ஆர்வத்தோடு பார்க்கும் நம் நண்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. திரையில் தெரியும் ஒளிமிகு அரங்குகளைக் கண்டு களியுங்கள். ஆனால் 1985 பற்றிய பேச்செழும்போது 'காடையர்' என்ற சொல்லோடு அதனை முடித்துவிடாதீர்கள். எந்தக் கதவு பூட்டியிருந்தது, அதன் திறப்பு எவரிடம் இருந்தது எனக் கேளுங்கள்.